நாற்றமா, ஐயையோ!

பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று மதுரையில் ஒரு பாண்டியனுக்குச் சந்தேகம் வந்த கதை நமக்கெல்லாம் தெரியும். பெண்டாட்டியிடம் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். ராஜா ஆயிற்றே, ஆயிரம் பொற்காசுக்கு டெண்டர் விட்டான். தருமி வந்தார், சிவபெருமான் வந்தார், நெற்றிக்கண்ணும் வந்தது. இந்தக் களேபரத்தில் எல்லோரும் நக்கீரரின் தைரியத்தைத்தான் பாராட்டுகிறோம். அவர் என்ன சொன்னார் என்பதை யாரும் கவனிப்பதில்லை. பெண்ணின் கூந்தலுக்குச் சொந்தமாக மணம் கிடையாது, பூவும் தைலமும் வைத்தால்தான் உண்டு, தெய்வப் பெண்ணானாலும் அதே கதைதான் என்று அடித்துச் சொன்னார் மனிதர். எந்த அழகுசாதனக் கம்பெனியும் இதைவிட நல்ல விளம்பரத்தைக் காசு கொடுத்து எழுதி வாங்கியதில்லை.

என்ன, நக்கீரர் கூந்தலோடு நின்றுவிட்டார். அங்கிருந்து ஒரு முழம் கீழே இறங்கி அக்குளைக் கண்டுபிடிக்க அமெரிக்காவிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் வர வேண்டியிருந்தது.

அதற்கு முன் அக்குள் இல்லாமல் இல்லை. நம் ஊரில் அது குடையை இடுக்கிக்கொள்ளும் இடம். பண்ணையார் எதிரே வந்தால் துண்டு போய் ஒளிந்துகொள்ளும் இடம். சந்தையிலிருந்து திரும்பும்போது கோழி பயணம் செய்யும் இடம். குழந்தையைக் கிச்சுகிச்சு மூட்டும் இடம். கவிஞர்கள் கண்ணைப் பாடினார்கள், இடையைப் பாடினார்கள், பாதம்வரை போனார்கள். அக்குளை விட்டுவிட்டார்கள். அது பாட்டுக்கு இருந்தது. அதைப் பார்த்து யாரும் வெட்கப்படவில்லை.

அது எப்படி வெட்கப்படும் இடமாக ஆனது என்பதே நம் ஸ்தல புராணம். இதில் வரும் ஆண்டும் தொகையும் நிஜம். வசனங்கள் மட்டும் என் கைச்சரக்கு.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சின்சினாட்டி என்று ஓர் ஊர். 1837-லேயே ப்ராக்டர் என்பவரும் கேம்பிள் என்பவரும் சேர்ந்து சோப்பும் மெழுகுவத்தியும் விற்கத் தொடங்கிய ஊர் அது. ஆகவே ஊர்க்காற்றிலேயே வியாபாரம் கலந்திருக்கும். அங்கே எட்னா மர்ஃபி என்று ஒரு பெண். அப்பா அறுவை சிகிச்சை டாக்டர். ஆபரேஷன் செய்யும்போது கை வியர்த்து, கத்தி வழுக்கினால் வம்பு என்று அவர் ஒரு திரவம் தயாரித்து வைத்திருந்தார். பூசினால் உள்ளங்கை வியர்க்காது. நல்ல அப்பா, நல்ல நோக்கம்.

“அப்பா, இது கைக்கு மட்டுந்தானா?”

“ஏம்மா?”

“சும்மாதான்.”

எட்னா அதை அக்குளில் பூசிப் பார்த்தாள். வியர்வை நின்றது. உடனே தாத்தாவிடம் போய் 150 டாலர் கடன் வாங்கினாள். (எந்த நாட்டிலும் அப்பா கொடுக்காத பணத்தைத் தாத்தா கொடுத்துவிடுவார்.) சரக்குக்குப் பெயரும் வைத்தாள்: ஓடோரோனோ. ஓடர் என்றால் நாற்றம், ஓ நோ என்றால் ஐயையோ. சேர்த்தால் ‘நாற்றமா, ஐயையோ!’ ஒரு பொருளுக்கு இவ்வளவு நேர்மையாக இன்னொரு பெயர் அமைந்ததாக எனக்கு ஞாபகமில்லை. நம் தமிழில் ஒரு காலத்தில் நாற்றம் என்றால் நறுமணம். அந்தச் சொல் நமக்கு எப்போது கெட்டுப்போனதோ, அமெரிக்காவில் அது கெட்டுப்போன விதத்துக்குக் கணக்குப் புத்தகமே இருக்கிறது.

வீடு வீடாகப் போய் விற்கப் பெண்களைச் சேர்த்தாள் எட்னா. கதவைத் திறந்தவர்கள் கதவைச் சாத்தினார்கள். மருந்துக் கடைக்காரர்கள் பாட்டிலைத் திருப்பி அனுப்பினார்கள். கட்டுப்படியாகாமல் ஆபீஸ் அறையைக் காலி செய்துவிட்டு அப்பா வீட்டு நிலவறைக்கே சரக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சனங்களைக் குற்றம் சொல்ல முடியாது. பலபேர் ஒழுங்காக உடம்பு கழுவினார்கள். அதற்கு மேல் வேண்டுமானால் கொஞ்சம் வாசனைத் திரவியம். துணி கறையாகக் கூடாது என்று நினைத்தவர்கள் அக்குளில் ‘டிரஸ் ஷீல்ட்’ என்ற பட்டை வைத்துக்கொண்டார்கள். தவிர, வியர்வையை அடைத்தால் உடம்புக்கு ஆகாது என்ற பயம் வேறு.

அந்தத் திரவத்தின் குணாதிசயத்தையும் சொல்லிவிட வேண்டும். உள்ளே அலுமினியம் குளோரைடு. அது கெடாமல் இருக்க அமிலம். நிறம் சிவப்பு. ராத்திரி படுக்கப் போகும் முன் பூசிக் காய விட வேண்டும். அதற்குமுன் அங்கே சவரம் செய்திருக்கக் கூடாது. செய்திருந்தால் குலதெய்வம் கண்ணுக்குத் தெரியும். எரியும், சிவக்கும், துணியில் பட்டால் கறை பிடிக்கும், அமிலம் மெல்ல நூலையும் தின்னும். ஒரு பெண்ணின் கல்யாண கவுனே இதனால் வீணாகியிருக்கிறது. யோசித்துப் பாருங்கள். வியர்வைக் கறையிலிருந்து உடையைக் காப்பாற்ற வாங்கிய மருந்து உடையையே சாப்பிடுகிறது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

1912 கோடையில் அட்லாண்டிக் சிட்டி என்ற கடற்கரை ஊரில் ஒரு பொருட்காட்சி. எட்னாவின் கம்பெனி அங்கே ஒரு கடை போட்டது. கடையில் நின்ற பெண்ணுக்கு முதலில் ஒரு பாட்டில்கூட விற்கவில்லை. அவள் சின்சினாட்டிக்குத் தந்தி அடித்தாள்: கோல்ட் கிரீம் அனுப்புங்கள், அதையாவது விற்றுச் செலவைச் சமாளிக்கிறேன். பாவம், அவளுக்குச் சூரிய பகவான் பக்கத்துக் கடையிலேயே நிற்கிறார் என்று தெரியவில்லை. பொருட்காட்சி கோடை முழுக்க நடந்தது. இறுக்கிக் கட்டிய உள்ளுடுப்பும் முழுக்கை கவுனுமாய் வந்த சீமாட்டிகள் வெயிலில் வதங்கினார்கள். டிரஸ் ஷீல்டையும் மீறி வட்டம் வட்டமாக நனைந்தது. சிவப்புப் பாட்டில் நகரத் தொடங்கியது. சீசன் முடியும்போது 30,000 டாலர் கையில். ஊர் ஊராக வாடிக்கையாளர்களும் சேர்ந்தாயிற்று.

இதுவரை கதையில் வில்லன் இல்லை. வியர்க்கிறவளுக்கு வியர்வை மருந்து, அவ்வளவுதான். இனிமேல்தான் எழுத்தாளன் வருகிறான்.

ஜேம்ஸ் வெப் யங். முன்பு வீடு வீடாக பைபிள் விற்றவர். பிறகு ஜே. வால்டர் தாம்ப்சன் என்ற விளம்பரக் கம்பெனியின் சின்சினாட்டி கிளையில் விளம்பரம் எழுத வந்தார். அந்தக் கிளையின் மகிமை கொஞ்சநஞ்சமல்ல. அங்கிருந்து கிளம்பிய ஹெலன் லேன்ஸ்டௌன் என்ற அம்மையார் 1911-லேயே வுட்பரி சோப்புக்காக ஒரு விளம்பரம் எழுதி, பெண்ணின் சருமம் என்பது பிறர் தொட ஆசைப்பட வேண்டிய பொருள் என்று நாட்டுக்கு அறிவித்திருந்தார். அதே அம்மையார் பெண்களுக்கு வோட்டு வேண்டும் என்று ஊர்வலத்திலும் நடந்தவர். ஒரே தலைக்குள் இரண்டும் குடியிருந்தன. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. பெண்ணியம் பேசும் கட்டுரையின் அடுத்த பக்கத்தில் முகப்பரு கிரீம் விளம்பரம் போடாத மகளிர் பத்திரிகை எது?

யங் முதலில் யோக்கியமாகவே ஆரம்பித்தார். இது டாக்டர் கண்டுபிடித்தது, அதிக வியர்வை என்பது ஒரு கோளாறு, அதற்கு இது மருந்து என்று எழுதினார். ஒரே வருடத்தில் விற்பனை 65,000 டாலர். சரக்கு இங்கிலாந்துக்கும் கியூபாவுக்கும் கப்பலேறியது. சில வருடங்களில் அப்படியே நின்றுவிட்டது. 1919-ல் விளம்பரக் கம்பெனி கையைப் பிசைந்தது. ஓடோரோனோ என்ற வாடிக்கையாளரே கைநழுவிப் போகும் நிலைமை. வீடு வீடாக ஆள் அனுப்பிப் பெண்களிடம் விசாரித்தார்கள். எல்லோருக்கும் ஓடோரோனோ தெரிந்திருந்தது. மூன்றில் ஒருத்தி வாங்கவும் செய்தாள். மற்ற இரண்டு பேரும் சொன்ன பதில்தான் யங்கின் தூக்கத்தைக் கெடுத்தது: “எனக்கு அது தேவைப்படலையே.”

நாமாக இருந்தால் “அப்படியா, சந்தோஷம்மா” என்று மோர் குடித்துவிட்டு வந்திருப்போம். விளம்பரக்காரர் அப்படி வரமாட்டார். மருந்து தயாராக இருக்கிறது, பாட்டில் தயாராக இருக்கிறது, பாக்கி இருப்பது நோய் மட்டும்தான். அதை அவர் தயாரித்தார்.

நோயின் சாமர்த்தியம் இதுதான்: உனக்கு நாறுகிறது, ஆனால் அது உனக்குத் தெரியாது. சுற்றியிருக்கிறவர்களுக்குத் தெரியும், ஆனால் சொல்லமாட்டார்கள். இந்த இரண்டு வாக்கியத்துக்கு வெளியே போக வழியே கிடையாது. “எனக்கு நாறலையே” என்றால், அதுதான் நோயின் முதல் அறிகுறி. “யாரும் ஒண்ணும் சொல்லலையே” என்றால், அது இரண்டாவது அறிகுறி. நம் ஊர் ஜோசியர்கள்கூட இவ்வளவு கச்சிதமாகக் கதவைச் சாத்துவதில்லை. பரிகாரம் செய்ய ஒரு கோயில் பெயராவது சொல்வார்கள். சரி, யங்கும் சொன்னார், கடைப் பெயரை.

1919-ல் லேடீஸ் ஹோம் ஜர்னல் பத்திரிகையில் அது வெளிவந்தது. பெண்ணின் கைவளைவுக்குள் என்பதுபோல் ஒரு கவித்துவமான தலைப்பு. மேலே படத்தில் ஓர் ஆணும் பெண்ணும் நெருங்கி நிற்கிறார்கள், அடுத்த நொடி காதல்தான். கீழே பார்த்தால் அக்குள் விஷயம். இந்தப் பத்திரிகையின் பூர்வோத்தரம் சுவையானது. போலி மருந்து விளம்பரங்களை வாங்கமாட்டோம் என்று 1892-லேயே கதவைச் சாத்திய பத்திரிகை இது. 1903-ல் பத்து லட்சம் சந்தாதாரர்களைத் தொட்டது. போலி மருந்துக்கு இடமில்லை என்று போர்டு மாட்டிய வீட்டுக்குள் போலி நோய் வாசல் வழியாகவே, தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லிவிட்டு, நுழைந்தது.

படித்த பெண்கள் கொதித்தார்கள். 200 பேர் சந்தாவை நிறுத்தினார்கள். யங்குக்குத் தெரிந்த பெண்கள் அவருடன் பேசுவதையே விட்டுவிட்டார்கள். கூட வேலை பார்த்த பெண் எழுத்தாளர்கள், அமெரிக்கப் பெண்கள் அத்தனை பேரையும் நீ அவமானப்படுத்திவிட்டாய் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். எல்லாம் சரி. ஒரு வருடத்தில் விற்பனை 112 சதவீதம் ஏறி 4,17,000 டாலரைத் தொட்டது. திட்டியபடியே வாங்கியிருக்கிறார்கள். சந்தாவை நிறுத்தக் கடிதம் எழுதியவர்களில் எத்தனை பேர், அதைத் தபாலில் போடப் போகும் வழியில், யாரும் பார்க்காதபோது கையைத் தூக்கி ஒருமுறை முகர்ந்து பார்த்தார்களோ!

சிரிக்காதீர்கள். இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து நானே இரண்டு தடவை பார்த்துவிட்டேன். நீங்களும் போன பத்தியில் ஒருமுறை.

1927-ல் எட்னாவின் விற்பனை பத்து லட்சம் டாலர். 1929-ல் கியூடெக்ஸ் நகப்பூச்சுக் கம்பெனிக்காரருக்குக் கம்பெனியை விற்றுவிட்டாள். பங்குச் சந்தை கவிழ்ந்த அதே வருடம். தாத்தா கொடுத்த 150 டாலருக்கு வட்டி கேட்டாரா என்பதுதான் தெரியவில்லை.

அக்குளில் நாற்றம் போனதும் முடி கண்ணில் பட்டது. உண்மையில் அது கொஞ்சம் முன்னாலேயே பட்டுவிட்டது. 1915 மே மாதம் ஹார்ப்பர்ஸ் பஜார் பத்திரிகையில் ஒரு முடிநீக்கிப் பவுடர் விளம்பரம்: தோள் தெரிய உடுத்திய ஒரு பெண் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறாள், அக்குள் பளிங்கு மாதிரி. கோடை உடையும் புது நடனமும் வந்துவிட்டதால் ‘ஆட்சேபகரமான’ முடியை அகற்றுவது அவசியம் என்று வாசகம். யார் ஆட்சேபித்தார்கள், எந்தக் கோர்ட்டில் என்று கேட்கக் கூடாது. அதே வருடம் ஜில்லெட் கம்பெனியும் கணக்குப் போட்டது. ஆண்களுக்கு ரேசர் விற்றாயிற்று. ஆனால் நாட்டில் பாதிப் பேர் சவரமே செய்துகொள்வதில்லை. எவ்வளவு பெரிய அநியாயம்! மிலேடி டெகொல்டே என்று பிரெஞ்சு வாசனையுடன் பெண்களுக்குத் தனி ரேசர் வந்தது, தங்க முலாம் பூசி. அடியில் இருந்தது அதே பிளேடுதான்.

என் சொந்த அக்குள் வரலாறு இவ்வளவு விமரிசையானதல்ல. கல்லூரி முடித்த வருடம் தோழி கல்யாணத்துக்காக முதன்முதலாக ஸ்லீவ்லெஸ் ஜாக்கெட் தைத்தேன். டெய்லர் அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அளவு எடுத்தார், தைத்தார், கொடுத்தார். வீட்டில் போட்டுப் பார்த்தபோது பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்தார். “ஏண்டி, துணி பத்தலையா?” என்றார். “இல்ல பெரியம்மா, இதான் ஃபேஷன்.” அவர் என் தோள், கை எல்லாவற்றையும் தாண்டி நேராக அங்கே பார்த்தார். “அப்ப அதை என்ன பண்ணப் போற?” அதுவரை ‘அது’ ஒன்று இருப்பதே எனக்கு ஞாபகமில்லை. அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதி அச்சடித்துச் செய்த வேலையைப் பெரியம்மா கீரைக்காம்பைக் கையில் வைத்துக்கொண்டே முடித்துவிட்டார். கல்யாணம் முழுக்க நான் கையைத் தூக்கவே இல்லை. அட்சதைகூட முழங்கை உயரத்திலிருந்துதான் போட்டேன். மாப்பிள்ளையின் தம்பி மேல் விழுந்தது.

திரும்ப அமெரிக்காவுக்குப் போவோம், இன்னொரு எட்னா காத்திருக்கிறாள்.

லிஸ்டரின் என்ற திரவத்தை 1879-ல் செயின்ட் லூயிஸ் நகரத்து ஜோசப் லாரன்ஸ் என்பவர் ஆபரேஷன் அறைக் கிருமிநாசினியாகத் தயாரித்தார். அது என்ன வேலைதான் பார்க்கவில்லை! புண் கழுவியது. பிறகு பல் டாக்டர்களிடம் போயிற்று. வாய் கொப்பளிக்கும் தைலமாகக் கடைக்கு வந்து சுமாராக விற்றது. 1920-களில் கம்பெனியின் வாரிசு ஜெரார்டு லாம்பர்ட், இங்கிலாந்து மருத்துவப் பத்திரிகையின் ஒரு நறுக்கிலிருந்து ‘ஹாலிடோசிஸ்’ என்ற சொல்லைப் பொறுக்கினார். அர்த்தம் வாய் நாற்றம், வேறொன்றுமில்லை. ஆனால் வாய் நாறுகிறது என்றால் பல் விளக்குவோம். ஹாலிடோசிஸ் என்றால் பர்ஸைத் திறப்போம்.

அந்த விளம்பரங்களில் புகழ்பெற்றவள் எட்னா. கற்பனை எட்னா. அழகி, நல்ல குடும்பம், படித்தவள். தோழிகள் ஒவ்வொருத்தியாகக் கல்யாணம் செய்துகொண்டு போகிறார்கள். இவள் ஒவ்வொரு கல்யாணத்திலும் மணப்பெண் தோழியாக நிற்கிறாள், மணப்பெண்ணாக மட்டும் ஆக முடியவில்லை. வயது முப்பதை நெருங்குகிறது. காரணம் செவ்வாய் தோஷமல்ல, ஹாலிடோசிஸ். உற்ற தோழிகூட அதைச் சொல்லமாட்டாள். யங் செய்த அதே நோய்தான். அக்குளிலிருந்து வாய்க்கு ஓரடி தூரம், டிரான்ஸ்ஃபர் ஆகி வந்துவிட்டது. ஏழு வருடத்தில் கம்பெனியின் வருமானம் 1,15,000 டாலரிலிருந்து 80 லட்சத்துக்கு மேல் போனது. ஆக நிஜ எட்னா அக்குளால் பணக்காரி ஆனாள். கற்பனை எட்னா வாயால் முதிர்கன்னி ஆனாள்.

இந்த வரிசையில் ஓர் இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. தரை துடைக்கும் லைசாலைப் பெண்கள் உடம்பின் உள்ளே ஊற்றிக் கழுவிக்கொள்ளச் சொல்லி வந்த விளம்பரங்கள் அவை. கணவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறானா, காரணம் நீதான், கழுவு என்றார்கள். கருத்தடை என்று வெளிப்படையாகச் சொல்ல முடியாத காலம். பெண்களுக்கு அந்த அர்த்தமும் புரியும்படி எழுதினார்கள். அதற்கும் அது உதவவில்லை. வெந்துபோனவர்கள் உண்டு, செத்தவர்கள் உண்டு. விளம்பரத்தில் சிபாரிசு செய்த ஐரோப்பியப் பெண் டாக்டர்களை அமெரிக்க மருத்துவச் சங்கம் தேடிப் பார்த்தது. அப்படி யாருமே இல்லை.

நம் நாட்டுக்கு இந்த வித்தை கப்பலில் வந்தது. ஜே. வால்டர் தாம்ப்சன் 1929-ல் பம்பாயில் ஆபீஸ் திறந்தது. 1941-ல் லக்ஸ் சோப்பை லீலா சிட்னிஸ் கையில் கொடுத்தார்கள், முதல் இந்திய நட்சத்திரம். 1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தபோது எட்னாவுக்கு மறுபிறவி. இந்த முறை வாய் நாறவில்லை, தோல் கறுத்திருந்தது. அது ஊருக்கே தெரியும், ரகசியமும் இல்லை. ஒரு விளம்பரத்தில், மகனாகப் பிறந்திருந்தால் தேவலை என்று அப்பா பெருமூச்சு விடுவார், மகள் கிரீம் பூசுவாள், சிவப்பாவாள், விமானத்தில் வேலை கிடைக்கும், அப்பாவுக்குக் காபி கிடைக்கும். ஜனநாயக மாதர் சங்கம் சண்டை போட்டு 2003-ல் அந்த விளம்பரம் திரையிலிருந்து இறங்கியது. 2020-ல் ‘ஃபேர்’ போய் ‘குளோ’ வந்தது. டியூப் அதேதான்.

ஆண்கள் தப்பித்தார்களா? சில காலம். ஆண் என்றால் நாறத்தான் செய்வான், அதுதான் ஆண்மை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். கம்பெனிகளும் தொந்தரவு செய்யவில்லை. பெண்கள் சந்தை நிரம்பியதும் கண் அந்தப் பக்கம் திரும்பியது. 1935-ல் ஆண்களுக்கென்று டாப்-ஃப்ளைட் வந்தது, கறுப்புப் பாட்டிலில். வேலை கிடைக்காத காலம். நாறுகிறவனை ஆபீஸில் வைத்துக்கொள்ளமாட்டார்கள் என்று புது பயம். கல்யாணத்துக்குப் பதில் உத்தியோகம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனாலும் கூச்சம் போகவில்லை. பெண்பிள்ளைச் சாமானை ஆம்பிளை எப்படி அலமாரியில் வைப்பது? 1940-களில் சீ-ஃபோர்த் என்ற கம்பெனியின் முதலாளி இதற்கு வழி கண்டார். விஸ்கியைவிட ஆண்மையான பொருள் அவருக்கு எதுவும் தோன்றவில்லை. ஆகவே அக்குள் மருந்தைப் பீங்கான் விஸ்கி ஜாடியில் அடைத்து விற்றார்.

ஏதோ ஒரு வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று என்னால் சுலபமாகப் பார்க்க முடிகிறது. குளியலறை அலமாரியில், துண்டுக்குப் பின்னால், ஜாடி அகப்பட்டுவிடுகிறது. அவள் மூடியைத் திறந்து முகர்கிறாள்.

“என்னங்க இது?”

“குடிக்கிறதுக்கு இல்லம்மா, சத்தியமா. அக்குள்ல பூசிக்கிறதுக்கு.”

“குடிக்கிறேன்னே சொல்லியிருக்கலாம்.”